மறு ஓட்டம் தந்த கிண்ணம்

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வழியோரத்தில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். ஆட்களுக்குப் பழகியவை, ஆனாலும் ஒரு நாய் குரைத்தால் போதும், காதை நிமிர்த்தி நிற்கும். நம் தெருநாய் மோப்பம் பிடித்து, குரைத்து, கூட்டம் சேர்த்துத் துரத்தும். கிரேஹவுண்ட் அப்படியல்ல. கண்ணில் பட்டது ஓடினால் சத்தமில்லாமல் பாயும் சாதி அது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் இதே வழக்கம்தான். முயல் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை.

கிரேஹவுண்டின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீற்றர். இரகசியம் முதுகெலும்பில் இருக்கிறது. பாயும்போது உடம்பு வில்லாக வளைந்து நான்கு கால்களும் வயிற்றின்கீழ் வந்து சேரும். அடுத்த கணம் வில் நிமிர, கால்கள் முன்னும் பின்னுமாக நீளும். இந்த இரண்டு நிலைகளிலும் நாய் தரையில் இல்லை. குதிரை ஒரு பாய்ச்சலில் ஒரு முறைதான் முழுதாக அந்தரத்தில் இருக்கும்; கிரேஹவுண்ட் இரு முறை.

உடம்பின் அளவுக்கு இதயமும் பெரிது. சிவப்பணுக்களும் மற்ற நாய்களைவிட அதிகம். இந்த இனத்தோடு பழக்கமில்லாத மிருக வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, நாய்க்கு நீரிழப்பு என்று நினைத்துவிடக்கூடும்.

இந்த நாயை மைதானத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பொம்மை முயல். தண்டவாளத்தில் இயந்திரத்தால் ஓடும் அந்த முயலை அமெரிக்காவில் ஓவன் பற்றிக் ஸ்மித் உருவாக்கினார். 1926 யூலையில் அது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தது. அதே ஆண்டில்தான் அயர்லாந்தில் மார்ட்டின் புரொபி என்ற பாதிரியாரின் வீட்டில் 'மிக் த மில்லர்' என்ற கிரேஹவுண்ட் பிறந்தது. குட்டியிலேயே கொடிய தொற்றுநோய் கண்டு பிழைத்த நாய் அது.

1929இல் லண்டன் வைற் சிற்றி மைதானத்தில் நடந்த கிரேஹவுண்ட் டேர்பி ஓட்டப் போட்டியின் ஆரம்பச் சுற்றில், 525 யார் தூரத்தை மிக் 29.82 செக்கனில் ஓடியது. 30 செக்கனுக்குள் அந்தத் தூரத்தை எந்த நாயும் அதற்கு முன் ஓடியதில்லை. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் 400 மீற்றர் ஓட்டம் பார்த்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 525 யார் என்பது 480 மீற்றர். மனிதரின் 400 மீற்றர் உலக சாதனையே 43.03 செக்கன்.

ஆனால் வேகம் மட்டும் கிண்ணம் தராது. கூட்டிலிருந்து ஒன்றாகப் பாயும் நாய்கள் முதல் வளைவில் நெருக்கியடித்து மோதிக்கொள்ளும். அந்த நெருக்கடியில் இடைவெளி பார்த்து நுழைவதில்தான் மிக் பேர் வாங்கியது.

1929 இறுதி ஓட்டத்தில் அதுவும் பலிக்கவில்லை. வளைவில் மோதல், பலற்றினஸ் என்ற நாய் முந்திவிட்டது. மோதலைக் காரணம் காட்டி நடுவர்கள் ஓட்டத்தை இரத்துச் செய்தார்கள். அன்றே நடந்த மறு ஓட்டத்தில் மிக் வென்றது. 1930இலும் டேர்பி அதற்கே. தொடர்ந்து 19 ஓட்டங்களில் வென்றதும் இந்தக் காலத்தில்தான்.

1931இல் கதை தலைகீழானது. இறுதி ஓட்டத்தில் மிக் முதலாவதாக வந்து, கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு நாய் இன்னொன்றோடு மல்லுக்கு நின்றதென்று ஓட்டம் இரத்தானது. ஐந்து வயது நாய்க்கு உடனே இன்னொரு ஓட்டம் கடினம். மறு ஓட்டத்தில் நான்காவதாகத்தான் வந்தது. முதல் கிண்ணத்தைத் தந்த அதே விதி மூன்றாவதைப் பறித்துக்கொண்டது. அந்த ஆண்டு வெம்பிளியில் செயின்ற் லெஜர் போட்டியை வென்றதோடு மிக் களத்தை விட்டு விலகியது.

தொடர் வெற்றிக் கணக்கைப் பின்னாளில் பலிறேகன் பொப் என்ற நாய் 1986இல் 32 ஆக உயர்த்தியது. காயங்களும் சூதாட்டமும் கண்டனத்துக்கு உள்ளாகி, இன்று பல நாடுகளில் இந்த விளையாட்டு சுருங்கிவருகிறது. 1939இல் இறந்த மிக்கின் உடல் பாடம் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.