ஏழு வாரமும் ஒரு நாவலும்
சிகாகோ, யூனியன் கால்நடைச் சந்தை வாயில்

1904-இல் இறைச்சித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்ற பின், 26 வயது எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் இங்கே வந்தார். பழைய உடுப்பு, கையில் சாப்பாட்டுத் தூக்கு. தொழிலாளி என்றே எண்ணி யாரும் தடுக்கவில்லை. ஏழு வாரம் கசாப்புக் கூடங்களிலும் தொழிலாளர் வீடுகளிலும் விசாரித்துத் திரிந்தார்.

அதன் விளைவு, 1906-இல் நூலான ‘தி ஜங்கிள்’. லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூர்கிஸின் குடும்பம் இங்கே சிதைந்துபோகும் கதை அது. வாசகர்களை உலுக்கியதோ, கெட்ட இறைச்சி பற்றிய சில பக்கங்கள்தான்! அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சிச் சோதனைச் சட்டத்திலும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்திலும் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கூலி, வேலைநேரம், விபத்து இழப்பீடு பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.