தோம்பில் கிடக்கும் வழக்கு

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கடை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை படிந்து முற்பணமும் கைமாறிவிட்டது. பிறகுதான் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கிறார். பல வருடங்களுக்கு முன் பதிந்த ‘லிஸ் பென்டன்ஸ்’, அதாவது வழக்கு நிலுவை அறிவித்தல் ஒன்று அங்கே கிடக்கிறது. விற்பவரோ, “அது எப்போதோ முடிந்த கதை காக்கா, நாங்கள் சகோதரங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேசியது தோம்பில் ஏறாது.

நமது வியாபாரிகளின் கடைகளில் இத்தகைய பதிவு விழுவதற்குப் பெரும்பாலும் பங்கு பிரிப்பு வழக்கே காரணம். வாப்பா மவுத்தாகி, மனைவியும் இரு ஆண்மக்களும் ஒரு மகளும் இருந்தால், ஒரே கடை 40 பங்காகிறது: மனைவிக்கு 5, ஆண்மக்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. உறுதி எழுதிப் பிரிக்காமல் ஒரு தலைமுறை கடந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கு பிரிப்புச் சட்டத்தின் 66ஆம் பிரிவு கடுமையானது. நிலுவை அறிவித்தல் முறைப்படி பதியப்பட்ட பின், வழக்கு தள்ளுபடியாகும் வரை அல்லது இறுதித் தீர்ப்பாணையோ விற்பனைச் சான்றிதழோ வரும் வரை, பிரிக்கப்படாத பங்கை விற்பதும் குத்தகைக்குக் கொடுப்பதும் ஈடு வைப்பதும் செல்லாது. ஏனைய காணி வழக்குகளில் 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதிவுக்குப் பின் வாங்குபவரை வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். வங்கிக்காரர் அந்தப் பதிவைக் கண்டதும் கடன் கோவையை மூடிவிடுவது இதனால்தான்.

பதிவை நீக்க முதலில் வழக்கு நீதிமன்றத்தில் முடிந்திருக்க வேண்டும். சாதாரண வழக்கானால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 406ஆம் பிரிவின்படி கைவாங்கலாம். 408ஆம் பிரிவின்படி சமாதானத்தை மன்றில் பதிந்து தீர்ப்பாணை பெறலாம். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் இட்டு, நிலுவைப் பதிவை நீக்கும் கட்டளையையும் அப்போதே கேட்டுக்கொள்வது புத்தி. அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியை, அறிவித்தல் பதிந்த அதே ஏட்டில் பதிய வேண்டும். பலர் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். தீர்ப்பாணையை வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்துக் கடையை விற்கும்போது தேடுவார்கள்.

பங்கு பிரிப்பு வழக்கில் இன்னொரு பொறி உண்டு. வழக்காளியை மட்டும் சமாதானப்படுத்தினால் போதாது. அவர் வழக்கை நடத்தாமல் விட்டாலும் அது தானாக அற்றுப்போகாது. 70ஆம் பிரிவின்படி எதிராளி ஒருவரை வழக்காளியாக மாற்றி நடத்த மன்று அனுமதிக்கலாம். ஆகவே “வழக்குப் போட்டவர் கையொப்பம் தந்துவிட்டார்” என்ற கடதாசியைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். எல்லாப் பங்காளிகளும் இணங்கினார்களா, மன்று என்ன கட்டளை இட்டது என்று வழக்குக் கோவையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோம்பு பார்க்கும்போது தற்போதைய ஏட்டோடு நிறுத்தாமல், அது எங்கிருந்து தொடர்ந்து வந்ததோ அந்தப் பழைய ஏடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். அவசரமாகக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், குறித்த திகதிக்குள் பதிவு நீங்காவிட்டால் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.