நெரிசல் வாசலில் தொடங்குகிறது

கூட்டத்தில் சிக்கி மனிதர்கள் இறந்தால், 'முண்டியடித்தார்கள்', 'தள்ளுமுள்ளு' என்ற பேச்சு உடனே கிளம்பும்; பழி கூட்டத்தின்மீது விழும். ஆனால் தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'நெரிசல்'. கழுத்தை நெரித்தான் என்கிறோமே, அதே சொல். நடப்பதும் அதுதான். இத்தகைய விபத்துகளில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நாலாபுறமும் அழுந்தி, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துச் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் வெள்ளம்போல் அலையடித்து ஆளையே தூக்கிக்கொண்டு போகும். முன்னால் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் யாரிடமும் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

இந்த உண்மையை உலகம் கால்பந்து மைதானங்களில்தான் கற்றுக்கொண்டது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழக்கக் காரணமான நெரிசல் ஏற்பட்டது. வெளியே கூட்டம் பெருகியதும் போலீசார் ஒரு வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் நேர் எதிரே இருந்த சுரங்கவழியில் இறங்கி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே திருப்பிவிட ஆளில்லை. முன்னால் கம்பிவேலி. குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று பழி கிளம்பியது. அவர்கள்மீது தவறில்லை என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை, 27 ஆண்டுகள் ஆயின. அதற்கு வெகுமுன்பே, விபத்தை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பின், பெரிய கிளப் மைதானங்களில் வேலிகள் போய், ஒவ்வொருவருக்கும் இருக்கை வந்துவிட்டது.

மதுரையில் கூட்டம் சேர்வது கால்பந்துக்கு அல்ல, அழகருக்கும் ஜல்லிக்கட்டுக்கும். 2022 ஏப்ரல் 16 அன்று, கொரோனாவால் இரண்டாண்டு இடைவெளி விட்டுக் கள்ளழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் இருவர் இறந்தார்கள். சித்திரைத் திருவிழாவின் அமைப்பு கூட்டத்தைப் பரப்பிவிடுவதற்கே ஏற்றது. அழகர்கோவிலிலிருந்து வண்டியூர் வரை நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள்; எந்த ஊர்க்காரரும் தன் தெருவருகே சாமியைப் பார்க்கலாம். ஆற்றில் இறங்கும் அந்தச் சிறு பொழுது மட்டும் எல்லாரையும் ஒரே இடத்துக்கு இழுக்கிறது. ஆகவே காக்க வேண்டியது திருவிழா முழுவதையும் அல்ல. அந்த ஓரிடத்தையும் அதற்குப் போகும் வழிகளையும்தான்.

ஆற்றுக்கு ஏது வாசல், டிக்கெட்டா கொடுக்க முடியும் என்று கேட்பார்கள். கோரிப்பாளையம், யானைக்கல், ஏ.வி. பாலம், ஆற்றோரச் சாலைகள் இவையே வாசல்கள். உள்ளே போக ஒரு வழி, வெளியேற வேறு வழி என்று பிரித்து, மணற்பரப்பு நிரம்புமுன் வெகுதூரத்திலேயே நிறுத்தினால் பக்திக்கு ஒரு குறையும் வராது. போலீசைக் கூட்டினால் போதும் என்பது இன்னொரு வாதம். ஹில்ஸ்பரோவில் போலீஸ் இருந்தது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்திலும் இருந்தது. அங்கே பார்வையாளர் பகுதியில் அவர்கள் வீசிய கண்ணீர்ப்புகையே ஆட்களைக் குறுகிய வாசல்களுக்கு விரட்ட, 135 பேர் இறந்தார்கள். ஆள்பலம் இருந்தும் எண்ணிக்கை தெரியாவிட்டால் பயனில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்ததும் உள்ளே அல்ல, வாசல்களில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. சுவரில்லாத தெருவும் ஆளை நெரிக்கும்.

எண்ணுவது நமக்குப் புதிய வித்தை அல்ல. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் ஆன்லைன் பதிவு, டோக்கன், பரிசோதனை எல்லாம் உண்டு. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே அரங்கமும் திறந்தாயிற்று. அந்தக் கணக்கை வேடிக்கை பார்க்க வருபவருக்கும் நீட்டினால் போதும். அனுமதி தரும் அதிகாரி இத்தனை பேருக்கு மேல் இடமில்லை என்ற எண்ணைத் தாளில் எழுதட்டும். அந்த எண்ணை ஊரறிய முன்கூட்டியே அறிவிக்கட்டும். நிரம்பியதும் வழியை அடைப்பவர் யார் என்று பெயர் குறிக்கட்டும். அடுத்த சித்திரைக்கு முன் மதுரை கேட்க வேண்டியது இவற்றைத்தான்.