தீப்பெட்டிக்குள் ஒரு பீசோ வட்டு

எங்க விம்கோ நகருக்குப் பேர் வந்ததே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியாலதான். நண்பர்களோட நாடகத்துக்கு நான் முதலில் செய்த சென்சார் பொருளும் தீப்பெட்டிதான்.

நடிகர் குச்சியை உரசியதும் மேடையில் வெளிச்சம் வரணும். லைட் போர்டில் இருப்பவர் பார்த்து ஸ்விட்சைத் தட்டினால் எப்படியும் அரை நொடி பிந்தும், சோகக் காட்சியில் சிரிப்பு வரும்.

பெட்டிக்குள் ஒரு பீசோ வட்டு ஒட்டினேன் (பஸ்ஸருக்குள்ள இருக்குமே, அந்தப் பித்தளைத் தகடு). அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். வயர் சட்டைக்கை வழியா இடுப்புப் பையிலுள்ள அர்டுயினோவுக்கு. அது அதிர்வை 0 முதல் 1023 வரை எண்ணாக்கும். அங்கிருந்து ரேடியோவில் விளக்குக்கு. நிஜத் தீ கிடையாது, மருந்தில்லாத குச்சி.

ஒத்திகையில் பெட்டியை மேசையில் வைத்ததுமே வெளிச்சம்! வரம்பு எண்ணை ஏற்றினேன். மெதுவா உரசினால் எரியலை. இரண்டு நாள் அந்த எண்ணோட மல்லுக்கட்டின பிறகுதான் இரண்டு அதிர்வையும் வரைபடமாப் போட்டுப் பார்த்தேன். தட்டல் சட்டென எழுந்து அடங்குது, உரசல் இழுபடுது. வரம்பை இறக்கி, கால் நொடிக்குள் எத்தனை முறை அதைத் தாண்டுதுன்னு எண்ண வைத்தேன். சரியாச்சு.

கடைசி ஒத்திகையில் நடிகர் உரசாமலே குச்சியைப் பிடித்தபடி நின்றார். இருட்டில் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். லைட் போர்டு ஸ்விட்சை மட்டும் நான் கழற்றலை. வயர் அறுந்தால் அதுதான் கதி.