கணிதத்தில் எந்தக் கிளை?

சென்ற கோடையில் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது, கல்லூரி மாணவர் இருவர் என்னிடம் வந்து, "ஐயா, கணிதத்தில் எந்தப் பிரிவைச் சிறப்பாகப் பயின்றால் பிழைக்கலாம்?" என்று வினவினர். எதிரே தெரிந்த சேர்வராயன் மலைத்தொடரைக் காட்டியே விடை கூறினேன்.

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வோர் இடத்திலும் ஏற்றம் எவ்வளவு என்று கேட்பவன் நுண்கணிதத்தின் பக்கம் சாய்ந்தவன். காப்பித் தோட்டத்தில் சில செடிகளை மட்டும் பார்த்து முழு விளைச்சலையும் மதிப்பிட விரும்புபவனுக்குப் புள்ளியியல் உகந்தது. மூன்றாமவன் ஒருவன் உண்டு. அவன் எதையும் அளப்பதில்லை, எண்ணுவதோடு சரி. கடல் சூழ்ந்த தீவொன்றில் சிகரங்களையும் பள்ளங்களையும் கூட்டி, கணவாய்களைக் கழித்தால் ஒன்றே மிஞ்சும் என்பான். இரு சிகரங்கள் இருந்து பள்ளம் இல்லையெனில், இடையே ஒரு கணவாய் இருந்தே தீரும். இத்தகைய ஆராய்ச்சிக்கு டோபாலஜி என்று பெயர்.

"அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான்.

சென்னை லயோலா கல்லூரியில் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் போதித்தார். அந்நாளில் சென்னையில் பகுப்பியலும் எண் கோட்பாடுமே கோலோச்சின; இராமானுஜன் பிறந்த நாடல்லவா! ரசீனோ தம் மாணவர்களைப் புதிய இயற்கணிதத்தின்பாலும் டோபாலஜியின்பாலும் திருப்பினார். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தனர். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம், ரீமான் பரப்புகளைப் பற்றிய வடிவியலையும் டோபாலஜியையும் பிணைத்தது. பின்னாளில் இயற்பியலாரும் அதனை நாடி வந்தனர். இருவரும் பம்பாய்க்கு ரயிலேறிய நாளில் இதனை எந்தச் சோதிடர் கூறியிருப்பார்?

வீட்டில் உங்கள் வருவாயை எதிர்பார்த்திருப்பின், புள்ளியியலை நாடுவதில் தாழ்வொன்றுமில்லை. சி. ஆர். ராவ் வேலை தேடிக் கல்கத்தா சென்று, அது கிட்டாமல், 1941-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். 1945-இல் அவர் எழுதிய ஆய்வுரை இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கிறது.

கிளையின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயத்தை எடுத்து, விடையைப் பாராமல் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். புத்தகத்தை மூடிய பின்னும் எது உங்களை விடாமல் பின்தொடர்கிறது என்று கவனியுங்கள். அத்துடன், சேரவிருக்கும் கல்லூரியில் அத்துறையில் இன்றும் ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர் உண்டா என்று விசாரியுங்கள். பாடத்திட்டத்தில் பெயர் இருப்பது வேறு, ஒரு ரசீன் இருப்பது வேறு.