பீரோ நிரம்பியும் உடுத்தத் துணி இல்லையா? உங்களுக்குத் தெரியுமா...

★ புதுத்துணி தனியாக வீட்டுக்கு வருவதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் திதரோவுக்குப் புதிதாக ஒரு செந்நிற அங்கி கிடைத்தது. அதன் பகட்டுக்கு முன்னால் வீட்டு நாற்காலி, மேசை, சுவர்ப் படங்கள் எல்லாம் மங்கலாகத் தெரியவே, ஒவ்வொன்றாக மாற்றினார், காசு கரைந்தது. பழைய அங்கியைப் பிரிந்த வருத்தத்தை 1769-இல் கட்டுரையாகவே எழுதினார். 1988-இல் மானிடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் இதற்கு 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார். பட்டுச்சேலை எடுத்ததும் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை, ஃபால்ஸ், மேட்சிங் வளையல், செருப்பு என்று செலவு நீள்கிறதே, அதேதான். விலை கேட்கும்போதே இந்தச் செலவுகளையும் கூட்டிப் பாருங்கள். பல சேலைகள் கடையிலேயே தங்கிவிடும்.

★ ஆடித் தள்ளுபடியில் 1,999-ஐ அடித்துவிட்டு 799 என்று எழுதியிருந்தால், மனம் 1,999-ஐத்தான் பிடித்துக்கொள்கிறது. முதலில் கண்ணில்பட்ட எண் நம் கணிப்பை இழுத்துவிடும் என்று உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1974-இலேயே எழுதினார்கள். அடித்த எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, "இது 799 பெறுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

★ ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது.

★ அந்தத் தண்ணீர்க் கணக்கோடு சாயக் கணக்கும் உண்டு. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குறைந்த விலைச் சட்டை என்று நாம் மகிழும்போது, மீதி விலையை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

★ 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதே காலத்தில், தூக்கிப்போடும் முன் ஓர் உடையை உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன என்கிறது எலன் மக்கார்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை.

★ "பழசை யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற நினைப்பே பலரைத் தாராளமாக வாங்க வைக்கிறது. கானா நாட்டின் அக்ராவிலுள்ள காந்தமாந்தோ சந்தைக்குப் பணக்கார நாடுகளின் பழந்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. காசு கொடுத்து மூட்டை எடுக்கும் வியாபாரிக்கு, பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. கறைபட்டதும் கிழிந்ததும் சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகின்றன, நட்டம் அவருக்கு.

★ பீரோவிலுள்ள ஹேங்கர்களின் கொக்கியை எல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்த துணியை மட்டும் வழக்கம்போல மாட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் திரும்பாத கொக்கிகளில் தொங்கும் துணிகளைப் பாருங்கள். அந்த நிறங்களையும் அந்த மாதிரிகளையும் குறித்துவைத்தால், அடுத்த முறை எதைத் தொடக்கூடாது என்பதற்கான பட்டியல் தயார்.

★ இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்கும் ரேஷன் வந்தது. முதலில் ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். பெண்களின் கம்பளி உடை ஒன்றுக்கே 11 போய்விடும். 1949 வரை இது நீடித்தது.

★ பிரான்சில் 2023 நவம்பரில், உடையையோ காலணியையோ பழுது பார்த்தால் கட்டணத்தில் 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி தரும் திட்டம் தொடங்கியது. நம் ஊரில் தெருமுனைத் தையல்காரர் அறுந்த ஜிப்பையும் பிரிந்த தையலையும் சொற்பக் காசுக்குச் சரிசெய்து தருகிறார். இந்த வாரமே அவரிடம் ஒரு பை நிறையக் கொடுத்துப் பாருங்கள்.