பூக்காத செடியைப் படம் எடுப்பது எப்படி?

பழவேற்காட்டிற்குக் கேமராவுடன் போகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைகளைத் தேடித்தான் போகிறார்கள். அங்கே பெரணிச் செடியைப் படம் எடுக்கலாம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். பெரணிகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அல்லவா இருக்கின்றன? உப்புக்காற்று வீசும் மீனவர் கிராமங்களில் அவற்றுக்கு என்ன வேலை?

சந்தேகம் நியாயமானதே. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அதன் இலைகளில் உண்டாகும் ஸ்போர்கள் என்னும் நுண்ணிய துகள்கள் ஈர மண்ணில் விழுந்து, விரல் நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடாக முளைக்கின்றன. அந்தத் தகட்டில் தோன்றும் ஆண் அணு, பெண் அணுவை நீந்தித்தான் அடைய வேண்டும். அதற்கு மெல்லிய நீர்ப்படலமாவது தேவை. அதுவும் பெரும்பாலான பெரணிகளுக்கு நன்னீராக இருக்க வேண்டும். பழவேற்காடு ஏரியோ, மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தால் உப்புக் குறைந்தாலும், கோடையில் சில பகுதிகளில் கடலைவிட உப்பாகிவிடுகிறது. அலையாத்திக் காடுகளில் வளரும் அக்ரோஸ்டிக்கம் போல உவர்நீரைத் தாங்கும் பெரணிகள் மிகச் சிலவே.

ஆகவே ஏரிக்கு முதுகைக் காட்டி, ஊர்ப்பக்கம் திரும்புங்கள். மழைநீர் தேங்கும் குட்டைகளிலும், பொன்னேரிப் பக்கத்து நெல்வயல் வரப்புகளிலும் தேடுங்கள். நீண்ட காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் கூட்டல் குறிபோல விரிந்திருக்கும் செடி கண்ணில் படுகிறதா? அதுதான் ஆரைக்கீரை. நம் வீடுகளில் சமைத்து உண்ணும் இந்தக் கீரை ஒரு பெரணி என்பது பலருக்குத் தெரியாது. தாவர இயல் அறிஞர்கள் இதை மார்சீலியா என்கிறார்கள். இளம் இலை கடிகாரச் சுருள்போலச் சுருண்டு வெளிவருவதைப் பார்த்தாலே இனம் புரிந்துவிடும். புளியாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குச் சிற்றிலைகள் மூன்று. மஞ்சள் பூவும் பூக்கும். பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

பெரணியைப் படம் எடுத்தவர்களில் முன்னோடி அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1853இல் தம் தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து பெரணிப் படத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். கேமரா இல்லாமலே! இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் இலையை வைத்து வெயிலில் காட்டி, பிறகு நீரில் கழுவினார். வெயில் பட்ட இடம் நீலமாயிற்று. இலை மறைத்த இடம் வெளுத்து நின்றது. அழகான படங்கள்தாம். ஆனால் நிழல் இலையின் வடிவத்தைச் சொல்லுமே தவிர, அதன் அடிப்பக்கத்தைச் சொல்லாது. பெரணிக்கு அடிப்பக்கம்தான் அடையாள அட்டை. ஸ்போர்ப் பைகள் அங்கே புள்ளிகளாக இருக்கின்றனவா, கோடுகளாக இருக்கின்றனவா என்பதைக் கொண்டே அறிஞர்கள் இனத்தைப் பிரிக்கிறார்கள். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம், 1863இல் வெளிவரத் தொடங்கிய தம் தென்னிந்தியப் பெரணிகள் நூலில் இந்த விவரங்களைப் பெரிதாக்கி வரைந்து காட்டினார். மேலிருந்து எடுத்த பச்சைத் தோகைப் படம் சுவரில் மாட்ட உதவும். செடியின் பெயரைக் கண்டறிய உதவாது.

ஊரில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள் (கேமராவைவிடக் கால்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்). அத்தகைய சுவர்களை டெரிஸ் விட்டேட்டா என்னும் பெரணி மிகவும் விரும்புகிறது. இதன் ஸ்போர்ப் பைகள் இலையோரத்தில் கோடாக ஓடும். இது மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கிறது என்று 2001இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஆரையின் சங்கதி வேறு. இலையைப் புரட்டினால் ஒன்றும் இருக்காது. காம்பின் அடியில், சேற்றை ஒட்டி, அவரை விதை வடிவில் மிளகளவான கெட்டிக் கூடுகள் இருக்கும். ஸ்போர்கள் அவற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குட்டை வற்றும்போதுதான் இவை எளிதில் அகப்படும். மண்ணை விரலால் மெல்ல விலக்கி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். இந்த ஒரு படம் இல்லாமல் எத்தனை எடுத்தும் எந்த மார்சீலியா என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

எப்போது எடுப்பது? ஆரை இரவில் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும். முற்பகலில் கடற்காற்று எழுந்து இலைகளை ஆட்டத் தொடங்கும். சூரியன் உதித்து இலைகள் விரிந்த பிறகு, காற்று எழுமுன் உள்ள நேரமே நமக்கு உகந்தது. கைப்பேசிக் கேமரா போதும். ஆனால் திரையை விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். அதனால் புது விவரம் எதுவும் கிடைக்காது. லென்சின் முன்னால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, அருகே சென்று எடுங்கள்.

மிதக்கும் இலைகளை எடுக்கும்போது வானம் நீரில் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 பாகைச் சாய்வில் பார்த்தால், தெறித்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக இருக்கும். போலராய்டு கண்ணாடியை லென்சின் முன் வைத்துச் சுழற்றினால் அது மறைந்துவிடும். அந்தக் கண்ணாடி இல்லையா? கறுப்புக் குடை ஒன்றை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். வானத்துக்குப் பதிலாகக் குடையின் கறுப்பு நீரில் விழ, இலைகள் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு சிரமம் ஒரு கீரைக்கா என்று கேட்கலாம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் பக்கத்து மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்த கதை நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆரை நிற்கும் குட்டையில் நன்னீர் இருக்கிறது என்று பொருள். ஒரே வரப்பில் நின்று, ஒரே கோணத்தில், ஆண்டுதோறும் தை மாதத்தில் எடுத்த படங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் அது நல்ல ஆவணம். ஓர் ஆண்டு ஆரை காணவில்லை என்பதால் உப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மழை பொய்த்திருக்கலாம், கூடுகள் காய்ந்த சேற்றில் பல ஆண்டுகள் உயிருடன் காத்திருக்கும். ஆனால் ஆரை இருந்த இடத்தில் உப்பு மண்ணை விரும்பும் உமிரிச் செடி தலைகாட்டினால், அதையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள்.